தானே ஒளிரும் ஓடுபாதைப் பலகைகள் எத்தனை காலம் தாங்கும்? அலாஸ்காவின் டிரிடியம் விளக்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அலாஸ்காவில் ஐந்தில் நான்கு ஊர்களுக்கு மேல் சாலைத் தொடர்பு கிடையாது. தபால், மளிகை, மருந்து என எது வந்தாலும் சிறிய விமானத்தில்தான் வந்து சேர வேண்டும். ஊரின் ஓரத்தில் சரளைக்கல் பரப்பிய ஓடுபாதை ஒன்று இருக்கும். அதன் அருகே மின்கம்பி போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாநிலப் போக்குவரத்துத் துறை மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்களைப் பராமரிக்கிறது. குளிர்காலத்தில் வட பகுதியில் பகல் என்பது சில மணி நேரம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே வாரக்கணக்கில் சூரியன் எழுவதே இல்லை.

இருட்டில் விமானத்தை இறக்க முடியவில்லை என்றால் அங்கே என்ன ஆகும் என்பதற்கு அண்மைக் கால உதாரணம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட் இறுதியில் இகியுகிக் என்ற சிற்றூரில், நோய்வாய்ப்பட்ட ஒரு குழந்தையை ஏற்றிச் செல்ல மருத்துவ விமானம் வந்தது. ஓடுபாதை விளக்குகள் எரியவில்லை. ஊர் மக்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, இருபது வண்டிகளையாவது ஓடுபாதை நெடுக நிறுத்தி, முகப்பு விளக்குகளைப் போட்டார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. ஊராரின் துணிவும் ஒற்றுமையும் மனம் நெகிழ வைக்கின்றன. ஆனால் ஓர் ஓடுபாதை அந்தத் துணிவை நம்பி இருக்கக் கூடாது.

இந்தக் குறையைத் தீர்க்க 1980களில் ஒரு துணிச்சலான வழி சோதிக்கப்பட்டது. மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். டிரிடியம் என்ற கதிரியக்க வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களால் தானே ஒளிரும் விளக்குகளையும் பலகைகளையும் ஓடுபாதையில் வைப்பது. அமெரிக்க எரிசக்தித் துறை, அதன் ஓக் ரிட்ஜ், பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகங்கள், அமெரிக்க விமானப்படை, அலாஸ்கா மாநிலப் போக்குவரத்துத் துறை ஆகியவை இதில் ஈடுபட்டன. அணு ஆயுத உற்பத்தியோடு சேர்ந்து கிடைக்கும் கதிரியக்கப் பொருள்களுக்கு அமைதிப் பயன் தேடிய காலம் அது. 1990களின் தொடக்கம் வரை முயற்சி நீடித்தது. அதன் பிறகு அந்த விளக்குகள் அலாஸ்காவின் ஓடுபாதைகளில் பரவலாகவில்லை.

ஏன் பரவவில்லை என்பதற்குக் கதிரியக்கம் பற்றிய பயத்தை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. அது முழு விடை அல்ல என்பது என் உறுதியான கருத்து. பலகையின் பெட்டி எதைத் தாங்கும் என்பதை ஆய்வகத்தில் சோதித்துவிடலாம். அதன் ஒளி எந்த ஆண்டு வரை விமானிக்குப் பயன்படும், அதன் பிறகு பலகையை யார் திரும்பப் பெறுவார்கள் என்ற இரண்டு கேள்விகளை எந்தச் சோதனைக் கூடமும் அவ்வளவு எளிதில் தீர்த்துவைக்க முடியாது.

ஒளி வரும் வழி

டிரிடியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அதன் அணுக்கரு சிதையும்போது ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. அணு ஹீலியம்-3 ஆக மாறுகிறது. அந்த எலக்ட்ரானின் சராசரி ஆற்றல் 5.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட், உச்சம் 18.6. இது மிகக் குறைவு. காற்றில் 6 மில்லிமீட்டர் தூரம்கூட அது போவது அரிது. தோலின் இறந்த மேல்படலத்தையே தாண்டாது. போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயின் உட்புறச் சுவரில் துத்தநாக சல்பைடு பூசியிருப்பார்கள். எலக்ட்ரான் மோதும்போது அந்தப் பூச்சு ஒளிர்கிறது. குழாயின் நுனியை லேசரால் உருக்கி மூடிவிடுவார்கள். அவ்வளவுதான் விளக்கு.

இதற்கு முன் கிரிப்டான்-85 வாயுவும் இதே வேலைக்குப் பயன்பட்டது. அதன் எலக்ட்ரான்கள் பல மடங்கு ஆற்றல் மிக்கவை, கூடவே காமா கதிரும் கொஞ்சம் வரும். எனவே அதற்குக் கதிர்த்தடுப்பு வேண்டியிருந்தது. டிரிடியத்துக்குக் கண்ணாடிச் சுவரே போதும். கடிகார முகப்பில் ஒளிரும் ரேடியம் பூசி, அதன் கதிர்வீச்சால் நோயுற்ற பெண்கள் பட்ட துன்பத்தை அறிந்த துறைக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஆனால் ஆற்றல் குறைவு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) டிரிடியம் வெளியிடும் ஆற்றல் சுமார் 34 மைக்ரோவாட். நூறு கியூரி கொண்ட பலகை என்றாலும் மொத்தம் 3.4 மில்லிவாட்தான், அதிலும் சிறு பங்கே ஒளியாகிறது. இந்தப் பலகையின் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இந்த எண்ணில் இருக்கிறது.

பெட்டியைச் சோதிப்பது

விமானத்துக்குள் பொருத்தும் தானொளிர் கருவிகளுக்கு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த மாதிரிச் சோதனை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தரையில் நிற்கும் பலகைக்காக அது எழுதப்படவில்லை. ஆனாலும் ஒரு டிரிடியம் கருவியை எப்படி வாட்டி எடுக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். கருவியை −62 பாகை செல்சியஸில் குறைந்தது ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு உயரப் பறக்கும் விமானத்தில் இருப்பது போலக் குறைந்த காற்றழுத்தம், அதிர்வு மேடை, செயற்கை வெயிலிலும் ஈரத்திலும் 100 மணி நேரம், கான்கிரீட் அல்லது இரும்புத் தளத்தின் மீது மூன்றடி உயரத்திலிருந்து எந்தப் பக்கமாக விழுந்தாலும் சரி என்று திரும்பத் திரும்பப் போடுதல், கடைசியில் 30 அங்குல நீரில் 24 மணி நேரம்.

அந்த −62 பாகை மிகைப்படுத்திய எண் அல்ல. 1971 ஜனவரி 23 அன்று அலாஸ்காவின் பிராஸ்பெக்ட் கிரீக்கில் பதிவான குளிர் அதுதான். அமெரிக்காவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. அலாஸ்காவில் நடும் பலகைக்கு இந்தச் சோதனை வெறும் சடங்காக இருக்க முடியாது.

குளிர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகையை எடுத்துக்கொள்வோம். குளிர்கால −50 பாகைக்கும் கோடைக்கால 30 பாகைக்கும் இடையே 80 பாகை வித்தியாசம். போரோசிலிகேட் கண்ணாடி இந்த வித்தியாசத்தில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது, சுருங்குகிறது. அதே நீளத்துக்கு பாலிகார்பனேட் முகப்பு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். குழாயை முகப்போடு விறைப்பாக ஒட்டிவிட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் கண்ணாடியை நெரிக்கும். லேசரால் உருக்கி மூடிய நுனியில் ஏற்கெனவே இறுக்கம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. விரிசல் விட்டால் அங்கே தொடங்கும். அதனால் குழாய்களைக் குளிரிலும் விறைக்காத சிலிகோன் மெத்தையில் மிதப்பது போலப் பொருத்த வேண்டியிருக்கிறது. இதைச் சோதிக்க ஒரே ஒரு முறை உறைய வைத்தால் போதாது. குளிரும் வெப்பமும் மாறி மாறி வர வேண்டும், நூற்றுக்கணக்கான சுற்றுகள்.

குழாயின் உள்ளே இன்னொரு மெதுவான மாற்றம் நடக்கிறது. ஒரு டிரிடியம் மூலக்கூறு முழுதும் சிதைந்தால் அதன் இடத்தில் இரண்டு ஹீலியம் அணுக்கள் நிற்கும். ஆகவே ஆண்டுகள் போகப் போகக் குழாயின் அழுத்தம் ஏறும்; அதே வெப்பநிலையில், கடைசியில், தொடக்க அழுத்தத்தைப் போல இரு மடங்கை நெருங்கும். புதுக் குழாயை மட்டும் சோதித்துச் சான்றிதழ் தருவதில் உள்ள ஓட்டை இதுதான். இருபது ஆண்டு கழித்து நிற்கப்போகும் குழாயின் அழுத்தத்தை இன்றே உள்ளே ஏற்றிச் சோதிப்பதே நேர்மையான முறை.

கசிவைக் கண்டுபிடிக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. எலக்ட்ரான் கண்ணாடியைத் தாண்டாது என்பதால், சாதாரண கைகர் கருவியைப் பலகையின் மேல் ஓட்டிப் பார்த்து எதையும் அறிய முடியாது. பலகையை நீரில் ஊறவைத்து, அந்த நீரில் சிறு பகுதியை ஒளிர்திரவத்தோடு கலந்து, எழும் மிக நுண்ணிய ஒளித்துடிப்புகளைக் கருவியால் எண்ணுவார்கள். பலகையைவிட, பலகை ஊறிய நீர்தான் சாட்சி சொல்லும்.

முகப்புப் பலகத்தில் தேர்வு சிக்கலானது. பாலிகார்பனேட் அடிதாங்கும், குளிரிலும் எளிதில் நொறுங்காது; ஆனால் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும்; குளிரில் நொறுங்கும் இயல்பு அதிகம். அலாஸ்காவின் கோடையில் வெயில் நாள் முழுதும் அடிக்கும், குளிர்காலத்தில் உறைபனி வாட்டும். மின்விளக்குப் பலகையின் முகப்பு கொஞ்சம் மஞ்சளானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒளியே சொற்பமாக உள்ள பலகையில் முகப்பு விழுங்கும் ஒவ்வொரு பங்கும் கணக்கில் வரும்.

விரைவுபடுத்த முடியாத முதுமை

தாங்குதிறன் சோதனையில் பொறியாளர்களின் வழக்கமான உத்தி, காலத்தைச் சுருக்குவது. பத்தாண்டு வெயிலைச் சில வாரங்களில் செயற்கையாகக் காய்ச்சுவார்கள். வெப்பத்தைக் கூட்டினால் ரப்பர் விரைவாகக் கெடும், பூச்சு விரைவாக உரியும். டிரிடியத்திடம் இந்த உத்தி பலிக்காது. சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் நசுக்கினாலும் அதன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 12.32 ஆண்டுகள்தான்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது: அதைச் சோதிக்கவே வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு குறைகிறது. ஐந்தாம் ஆண்டில் தொடக்க டிரிடியத்தில் 75 விழுக்காடு மிஞ்சும், பத்தாம் ஆண்டில் 57, இருபதாம் ஆண்டில் 32. ஒளி இதைவிட வேகமாக மங்கும். இடைவிடாத எலக்ட்ரான் மோதலில் துத்தநாக சல்பைடுப் பூச்சும் சேதமடைகிறது, முகப்பும் மங்குகிறது. ஆக, பத்தாண்டு உழைக்க வேண்டிய பலகை முதல் நாளில் தேவையைப் போல இரு மடங்குக்கு மேல் ஒளி தர வேண்டும். அந்தக் கூடுதல் ஒளிக்காகக் குழாய்க்குள் டிரிடியத்தை அடைத்துக்கொண்டே போனாலும் பயன் இல்லை. வாயு அடர்த்தியானால் எலக்ட்ரான்கள் பூச்சை அடையும் முன்பே வாயுவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

பூச்சின் சேதத்தைத்தான் உண்மையில் அளக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். புதிய பலகையை இருட்டறையில் ஒளியளவியால் அளந்து, வெளியே நட்டு, குறித்த காலத்தில் திரும்பக் கொண்டுவந்து அதே அறையில் அதே கருவியால் அளப்பது. நிதி ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கப்படும் திட்டங்களில் இப்படிப்பட்ட வேலைதான் முதலில் வெட்டுப்படும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஒரு பலகையின் பதினைந்தாம் ஆண்டு நிலையைச் சொல்ல அந்தப் பதினைந்து ஆண்டுகளைக் காத்திருந்து கழிப்பதைத் தவிர வேறு முழுமையான வழி இல்லை.

விமானியின் கண்ணில்

ஒளிச்செறிவை கேண்டெலா என்ற அலகில் அளப்பார்கள். டிரிடியம் குழாயின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சில கேண்டெலாக்கள்தான். இதை விமானத்தளத் தேவையோடு ஒப்பிடும்போது உண்மை துலங்குகிறது.

முதலில் ஓடுபாதை விளிம்பு விளக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 14ஆம் இணைப்பு 50 கேண்டெலா கேட்கிறது. சுற்றிலும் வேறு ஒளியே இல்லாத தளங்களில் 25 வரை குறைக்கலாம். சதுர மீட்டருக்கு 2 கேண்டெலா தரும் டிரிடியம் தகடு, பத்தில் ஒரு பங்கு சதுர மீட்டர் பரப்பு என்று கொண்டால், கிடைப்பது 0.2 கேண்டெலா. இரவில் விமானியின் கண்ணுக்கு ஒரு புள்ளி ஒளி தெரிய, கண்ணில் விழும் ஒளி 8×10⁻⁷ லக்ஸ் வேண்டும் என்பது வழக்கில் உள்ள கணக்கு. அதன்படி, தெளிந்த காற்றில் டிரிடியம் தகடு தெரியும் தூரம் சுமார் 500 மீட்டர். 25 கேண்டெலா விளக்கு ஐந்தரை கிலோமீட்டர் தொலைவிலேயே தெரிந்துவிடும். மணிக்கு 120 கிலோமீட்டரில் இறங்கும் சிறிய விமானத்துக்கு 500 மீட்டர் என்பது பதினைந்து நொடி. பல தகடுகளைச் சேர்த்துப் பெரிய விளக்காக்கினாலும் தூரம் மெல்லத்தான் கூடும்: நான்கு மடங்கு பரப்புக்கு இரு மடங்கு தூரம். டிரிடியத்தின் அளவும் செலவும் மட்டும் நான்கு மடங்காகிவிடும்.

பலகையின் வேலை வேறு. தரையில் ஊர்ந்து வரும் விமானி அதைச் சில பத்து மீட்டர் தொலைவிலிருந்து படித்தால் போதும். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு 2 கேண்டெலா ஒளிர்வு தாராளம். முழு நிலவில் பளிச்சிடும் பனியின் ஒளிர்வே சதுர மீட்டருக்கு 0.1 கேண்டெலாவுக்கும் குறைவு; அதன் நடுவிலும் டிரிடியம் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். ஆகவே டிரிடியத்தை ஓடுபாதை விளிம்பு விளக்காக்கிப் பெரிதாக எதிர்பார்த்ததைவிட, டாக்சிவே (விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் வழி) பலகையாகவும் தூரக் குறியாகவும் ஆக்கியிருந்தால் அதன் குணத்துக்குப் பொருந்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கேயும் இரண்டு தடைகள். அதே 14ஆம் இணைப்பு, ஒளியூட்டிய பலகைகளுக்கு இரவில் சதுர மீட்டருக்கு வெள்ளைக்கு 100, மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு 10 கேண்டெலா ஒளிர்வு கேட்கிறது. பார்வைத்தூரம் 800 மீட்டருக்குக் கீழே போகும்போதும் இயங்கும் தளங்களில் இவை மூன்று மடங்காகும். டிரிடியம் இவற்றின் பக்கத்தில்கூட வராது. பெரிய விமான நிலையத்தின் கதவு இப்படி மூடிக்கொள்கிறது. இரண்டாவது தடை நிறம். டிரிடியம் குழாய் மிகப் பிரகாசமாக ஒளிர்வது பச்சையில். சிவப்பு ஒளிர்பூச்சு பச்சையின் சிறு பங்கே தரும். ஆனால் விமானத்தளத்தில் உயிர் காக்கும் பலகை சிவப்புதான். ஓடுபாதைக்குள் அனுமதியின்றி நுழையாதே என்று சொல்லும் கட்டாயப் பலகை சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மிகவும் தெரிய வேண்டிய பலகையே மிக மங்கலாகிவிடுகிறது.

பனி

3.4 மில்லிவாட் என்ற எண் இங்கே மறுபடியும் குறுக்கே நிற்கிறது. பழைய இழை விளக்கு வீணாக்கிய வெப்பம் பலகை முகப்பில் படியும் பனியை உருக்கிக்கொண்டிருந்தது. டிரிடியம் பலகையில் உருக்குவதற்கு வெப்பமே இல்லை. உறைபனி ஒரு மெல்லிய படலமாகப் படிந்தாலும் அது அங்கேயே கிடக்கும்; இருக்கும் சொற்ப ஒளியைச் சிதறடித்து எழுத்தின் விளிம்பைக் கலைக்கும். யாராவது போய்த் துடைக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்துக்கென்றே உருவான விளக்குக்கு இது பெரிய குறை. மற்றச் சோதனைகளைவிடப் பனிப் படிவுச் சோதனைக்கே நான் அதிக எடை கொடுப்பேன்: உறைபனி படிய விட்டு, துடைக்காமல், எழுத்து படிக்க முடிகிறதா என்று மனிதக் கண்ணால் பார்ப்பது.

உடைய வேண்டும், உடையக் கூடாது

விமானத்தளத்தில் ஓடுபாதைக்கு அருகே நிற்கும் எந்தப் பொருளும் விமானம் மோதினால் எளிதில் முறிந்து விழ வேண்டும். அதே நேரத்தில் ஜெட் எஞ்சின் காற்றைத் தாங்கி நிற்கவும் வேண்டும். அமெரிக்க விமான நிர்வாகத்தின் பலகை விதிகள் மணிக்கு 100, 200, 300 மைல் காற்றைத் தாங்கும் மூன்று வகைகளைப் பிரிக்கின்றன. சாதாரணப் பலகையில் இது கால்களில் முறியும் இணைப்பு வைத்தால் தீரும். பலகை விழுந்து சிதறினால் குப்பைதான் மிஞ்சும்.

டிரிடியம் பலகை சிதறக் கூடாது. முறிய வேண்டியது கால் மட்டும். விழும் பெட்டிக்குள் குழாய்கள் முழுதாக இருக்க வேண்டும். எனவே விழுதல் சோதனை மூன்றடி உயரத்தோடு நிற்க முடியாது. மோதல் வேகத்தில், உறைந்த தரையில், −50 பாகையில் செய்யப்பட வேண்டும். அறை வெப்பநிலையில் தேறிய பெட்டி அந்தக் குளிரில் தேறும் என்று நம்ப முடியாது.

குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் அச்சமின்றிச் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் டிரிடியம் ஹைட்ரஜனாகவே மேலெழுந்து கலைந்துவிடும். வாயுவாகச் சுவாசித்தால் உடலில் தங்குவது மிகக் குறைவு. ஆபத்து அது நீராக மாறும்போது: டிரிடியம் கலந்த நீராவி, வாயு வடிவத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு கூடுதல் கதிர்வீச்சளவு தரும். தீயில் அந்த மாற்றம் வேகமாக நடக்கிறது. ஆகவே ஓடுபாதையில் உடையும் பலகையைவிட, பனிக்காலத்தில் கழற்றி மூடிய கொட்டகையில் அடுக்கி வைத்த பலகைகளே என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

பலகையின் கடைசி நாள்

அமெரிக்கக் கடைகளிலும் பள்ளிகளிலும் வெளியேறும் வழியைக் காட்டும் டிரிடியம் பலகைகள் பல காலமாக உண்டு. 2008இல் வால்மார்ட் நிறுவனம் தன்னிடம் இருந்திருக்க வேண்டிய சுமார் 70,000 பலகைகளில் 15,800 வரை கணக்கில் இல்லை என்று ஒழுங்குமுறை ஆணையத்திடம் தெரிவித்தது. அவை சோதனையில் தேறிய, முறையாக உரிமம் பெற்ற பொருள்கள். பொருள் கெடவில்லை, அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் பதிவு கெட்டுப்போனது. கடைக்குள் சுவரில் திருகிய பலகைக்கே இந்தக் கதி என்றால், பனியில் புதைந்து, மண்வாரி இயந்திரம் தள்ளிவிட்டு, ஆற்று வெள்ளம் இழுத்துப்போகக்கூடிய ஒரு சிற்றூர் ஓடுபாதையில் நாற்பது ஐம்பது பலகைகளை யார் எண்ணிக்கொண்டிருப்பது? அந்த ஊரில் விமானத்தளப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தால் அவர் வேறு நான்கு வேலைகளையும் பார்ப்பவராக இருப்பார்.

இந்த இடைவெளியில்தான் ஒளியுமிழ் டையோடும் சூரியப் பலகையும் நல்ல பேட்டரியும் வந்து சேர்ந்தன. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், துருவ இரவில் சூரியப் பலகைக்கு வேலை இல்லை. டிரிடியத்துக்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை. ஆனாலும் பேட்டரி விளக்கு ஒன்று காணாமல் போனால் யாரும் ஆணையத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அதன் ஒளியும் பல மடங்கு அதிகம்.

டிரிடியம் பலகையை ஏதேனும் ஒரு தொலைதூரத் தளத்துக்கு இன்று யாராவது முன்மொழிந்தால், குளிர் அறைச் சான்றிதழுக்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். குழாய் நிரப்பிய மாதமும் ஆண்டும் பலகையின் முகத்திலேயே, வெயிலில் அழியாத எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒளிர்வுக்குக் கீழே போனால் கழற்று என்ற எல்லையும், அதை எந்தக் கருவியால் யார் ஆண்டுதோறும் அளப்பார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். திரும்பப் பெறும் செலவை விற்பவரிடம் விற்கும் நாளிலேயே வாங்கி ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்து அந்த நிறுவனம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.